கடுகளவு ஈயம்

1. முதல் அடி

முதல் அடியிலேயே பொன் வெடித்தது.

அடித்தவன் நான். வேலூர்க் கடைத்தெருவுக்குப் பின்னால், பத்தர் தெருவில், அப்போதே பதினெட்டு வருஷமாகச் சுத்தியல் பிடித்தவன். உருக்கி வார்த்த பொன்கட்டியை அடைகல்லின் மேல் வைத்துத் தகடாக நீட்டுவது எங்களுக்குச் சோறு பிசைகிற மாதிரி. வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும், கை பாட்டுக்கு வேலை பார்க்கும். நல்ல பொன் சுத்தியலுக்குக் கீழே விரிந்துகொடுக்கும். சத்தம் மொத்தையாகக் கேட்கும். அன்றைக்கு ஓட்டுச்சில்லைத் தட்டியது போல 'டக்' என்றது. எடுத்துப் பார்த்தேன். விளிம்பில் மயிரிழையாக ஒரு விரிசல்.

சூடு போதவில்லை போலும் என்று மறுபடி நெருப்பில் காட்டினேன். ஆறவைத்து இன்னொரு அடி கொடுத்தேன். இரண்டாக உடைந்தது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் என் கை சும்மா இருக்கிற கையா? இன்னும் இரண்டு தட்டு தட்டினேன். ஐந்து துண்டு ஆயிற்று. உடைந்த இடமெல்லாம் பொரபொரவென்று, ஒரு மாதிரி சாம்பல் நிறம்.

அது ஒரு தாயாருடைய தாலியை உருக்கிய பொன். ஒரு நாள் விட்டு, புதன்கிழமை காலையில், ஆம்பூர் வேதக்கோயிலில் அந்தத் தாயாரின் இளைய மகள் கழுத்தில் அது புதுத் தாலியாக ஏறவேண்டும். வேறு பொன் ஒரு துளிகூடச் சேரக் கூடாது என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார்கள். நான் சரி என்று சொல்லித்தான் வாங்கினேன்.

நம் சங்கத்து மலருக்குத் தொழிலில் கண்டதை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். மற்ற பத்தர்கள் தாங்கள் செய்த ஒட்டியாணத்தையும் அட்டிகையையும் பற்றி எழுதுவார்கள். எழுதட்டும். எனக்குப் பேனாவை எடுத்ததும் அந்த ஐந்து துண்டுகள்தான் முன்னால் வந்து நிற்கின்றன. அதைச் சொல்லித் தீர்க்காமல் வேறொன்றைச் சொல்ல முடியாது.

2. டூட்டிக்குப் போன நர்ஸம்மா

தாலியைக் கொண்டுவந்தவர் எஸ்தர் என்கிற நர்ஸம்மா. ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. முப்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை, ரவிக்கையில் ஊசி குத்தித் தொங்கவிட்ட கடிகாரம். தகப்பனார் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். தாயார் இறந்தபோது தங்கை கிருபைக்கு ஒன்றரை வயது. பிற்பாடு தகப்பனாரும் போய்விட, தங்கையை வளர்த்து, படிக்கவைத்து, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் இந்த அக்காதான். தனக்குக் கல்யாணம் என்ற பேச்சே எடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்து, கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து என் தட்டில் வைத்தார். தேய்ந்துபோன சின்னத் தாலி. கயிறு கோக்கும் காது அறுந்து இரண்டு தரம் ஒட்டுப் போட்டது. நடுவில் ஒரு சிலுவை, விரலால் தடவினால்தான் தெரியும்.

"பத்தரே, இது எங்கம்மாது. அப்பா இருக்கும்போதே அம்மா போய்ட்டாங்க. சவப்பெட்டியில வைக்கறதுக்கு முன்ன அப்பாதான் கழட்டி எங்கைல குடுத்தாரு. இத உருக்கி என் தங்கச்சிக்குப் புதுசா செஞ்சு குடுங்க."

"ரொம்பத் தேஞ்சிருக்குதேம்மா. கொஞ்சம் பொன்னு சேத்தா கனமா வரும்."

"வேணாம். ஒரு துளி சேரக் கூடாது. எம்மாந்துண்டு வருதோ அம்மாந்துண்டு போதும்." கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அவளுக்கு அம்மா மொகமே தெரியாது பத்தரே. நானும் எவ்ளோதான் சொல்லிக் காட்டறது? கழுத்துலயாவது அம்மான்னு ஒண்ணு இருக்கட்டும்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய நகையை வெட்டுவது, உருக்குவது, கட்டியாக வார்ப்பது மூன்றும் வாடிக்கைக்காரர் கண்ணெதிரே நடக்கவேண்டும். எதிரே மணைபோட்டு உட்கார்ந்து எங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்ணை இமைக்காத கிழவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். உன்னை நம்பவில்லை என்று சொல்லாமல் சொல்லும் வழக்கம் அது. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு முதுகு நமநமவென்று இருக்கும்.

நர்ஸம்மா உட்கார்ந்தார். அவர் எதிரிலேயே தாலியைக் கத்தரியால் நாலாக வெட்டினேன். கரியடுப்பு இன்னும் கனியவில்லை. அவர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. நீங்களே உருக்கிக்குங்க. உங்கள நம்பித்தான் போறேன். செவ்வாக்கெழம காலைல வந்து வாங்கிக்கறேன்."

எத்தனை பெரிய வார்த்தை அது! நான் அதைக் காதில் வாங்கினேனா? இல்லை. அப்பாடா, போனார்கள், இனி இரண்டு வேலையை ஒன்றாகப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு வேலையோடு உட்காரத் தெரியாதவன். என் சம்சாரம் தனபாக்கியம் என்னைப் பற்றிச் சொல்வது: "சோத்துக்கு ஒக்காந்தாலும் ஒரு காலு தெருவுல இருக்கும்."

அந்த இன்னொரு வேலை, ஆம்பூர் தோல் ஷாப்பு முதலாளி ஒரு சாயபு கொடுத்த ஜிமிக்கி. அவர் வீட்டில் ஐந்து பெண்களுக்கு ஐந்து ஜோடி. ஜிமிக்கிக்குக் கிண்ணம் குழிக்க ஈயக்கட்டை வேண்டும். தகட்டை ஈயக்கட்டையின் மேல் வைத்து உருண்டைத்தலை உளியால் தட்டினால், ஈயம் மெத்தென்று இடம் கொடுக்கும், தகடு கிழியாமல் குழியும். தட்டத் தட்ட ஈயம் ஓரத்தில் பிதுங்கும். அதைக் கத்தியால் சீவிவிட்டு மறுபடி தட்டவேண்டும். கட்டையை அவசரத்தில் நான் எங்கே வைத்தேன் என்றால், வெட்டின தாலித்துண்டுகள் கிடந்த அதே தட்டில். துண்டுகளை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு அதன் பக்கத்திலேயே ஈயத்தைச் சீவினேன். சனிக்கிழமையும் சீவினேன். திங்கட்கிழமை காலையில் நாலு துண்டையும் தூரிகையால் கூட்டி மூசையில் போட்டு உருக்கினேன்.

கடுகளவு ஈயம் போதும். ஒரு சவரன் பொன்னை அது பிஸ்கோத்து மாதிரி நொறுங்கவைத்துவிடும். இது எனக்குத் தெரியாதா? இந்தத் தெருவில் பால் மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

3. ராணி தலைச் சவரன்

உடைந்த துண்டுகளை வைத்துக்கொண்டு நான் செய்யாத வித்தை இல்லை. வெடியுப்பும் வெண்காரமும் போட்டு உருக்கினேன், வெடித்தது. நவச்சாரம் போட்டு உருக்கினேன். கொஞ்சம் குறைவாக வெடித்தது. எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், தண்ணீர் குடித்தேன், உரைகல்லை எடுத்துத் துடைத்தேன். தனபாக்கியம் எட்டிப் பார்த்து, "இன்னா ஆச்சு உங்களுக்கு? பூனை மாதிரி இங்கியும் அங்கியும் நடக்கறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்று எரிந்து விழுந்தேன்.

என்னிடம் ராணி தலை போட்ட சவரன் ஒன்று இருந்தது. தனபாக்கியத்துக்குக் கம்மல் செய்ய வைத்திருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் அதை எடுத்தேன். முக்கால் பாகம் வெட்டி உருக்கினேன். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? பொன் பொன்தான், மாற்றும் அதே மாற்று. உரைகல்லில் உரைத்தால் அந்தத் தாயாரே எழுந்து வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

தப்புச் செய்யும்போது கை நடுங்கும் என்று நான் நினைத்திருந்தேன். நடுங்கவில்லை. அந்த வாரத்திலேயே அன்றைக்குத்தான் என் கை நிதானமாக நின்றது. தகடு ஒரே சீராக விரிந்தது. சிலுவையின் நாலு கையும் அளந்து வைத்த மாதிரி வந்தன. காது ஒட்டிய இடம் தெரியவில்லை. மெருகு போட்டு வெளிச்சத்தில் பிடித்தபோது, வெட்கம்கெட்டவன், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நர்ஸம்மா வந்தார். கையில் தகரப்பெட்டி. சாயங்கால ரயிலில் ஆம்பூர் போக ஏற்பாடு. தாலியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அழகைப் பார்க்கவில்லை. சிலுவையைப் பார்க்கவில்லை. அப்படியே கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "அம்மா, கிருபைக்குக் கல்யாணம்மா," என்றார். கண்ணீர் விரல் வழியாக இறங்கி என் தட்டில் விழுந்தது.

நான் சாமணத்தை எடுத்தேன், வைத்தேன். அரத்தை எடுத்தேன், வைத்தேன். எழுந்து நின்றேன். என்னால் தாங்க முடியவில்லை. ஆயிரம் பேர் எதிரே உட்கார்ந்து சந்தேகமாகப் பார்த்தபோதுகூட என் முதுகு அப்படி எரிந்ததில்லை.

"நர்ஸம்மா, அது உங்கம்மாது இல்ல."

அவர் கண்ணைத் திறந்தார். புரிய நேரமாயிற்று. கன்னத்திலிருந்து கையை எடுத்து, தாலியைத் தட்டில் வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எங்கம்மாது எங்க?"

மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துத் துண்டுகளைக் காட்டினேன். ஈயக்கட்டையைக் காட்டினேன். எதையும் மறைக்கவில்லை. திட்டுவார், தெருவைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"இத சரி பண்ண முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க. அழறதுக்கு அப்பால நேரம் இருக்குது."

"என்னால முடியாது. முடியறவ ஒருத்தி இருக்கறா. ஆனா…"

"ஆனா இன்னா?"

என்ன சொல்வது? என் வாசலில் அவளை நான் நடத்தின விதத்தையா? தெருவில் இறங்கினேன்.

4. நாகம்மாவின் அடுப்பு

எங்கள் பட்டறைகளில் கூட்டித் தள்ளும் மண்ணிலும் சாக்கடையிலும் பொன்தூள் இருக்கும். அதை மரத்தட்டில் அரித்து எடுக்கிறவர்களை ஜலகர் என்பார்கள். நாகம்மா அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள். தினமும் விடிந்ததும் எங்கள் தெருச் சாக்கடையோரம் குந்தி, தட்டை ஆட்டிக்கொண்டிருப்பாள். நாங்கள் பூணூல் போட்டவர்கள். அவள் சேற்றில் கை வைக்கிறவள். என் வாசலுக்கு நேரே வந்தால் சொம்புத் தண்ணீரை வீசி ஊற்றுவேன். அவள் மேல் படாது. ஆனால் பக்கத்தில் விழும்.

அன்றைக்கு, "நாகம்மா," என்று கூப்பிட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போனாள். தண்ணீர் வரப்போகிறது என்று நினைத்துவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டுதான் நர்ஸம்மா வாசலில் நின்றார்.

"நாகம்மா, தண்ணி இல்ல. ஒரு ஒதவி."

துண்டுகளை வாங்கி ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்தாள். "ஈயம் சேந்துடுச்சி," என்றாள். "யாரு பண்ணது சாமி?"

"நான்தான்."

சிரிக்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்லவேண்டும்.

அவள் குடிசை பாலாற்று மணலோரம். மூன்று பேரும் நடந்தோம். தெருவில் இரண்டு பத்தர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். குடிசைக்கு முன்னால் ஒரு குழியடுப்பு, பக்கத்தில் ஆட்டுத்தோல் துருத்தி. ஒரு பானையில் வெள்ளைவெளேர் என்று சாம்பல்.

"இது இன்னா சாம்பல்?" என்றேன், தெரிந்துகொண்டே.

"எலும்புச் சாம்பல் சாமி. தோல் ஷாப்புல தோலோட வால் வரும்ல, அந்த எலும்பு. சுட்டு இடிச்சி சலிச்சி வச்சிருக்கறன். ஈயத்த குடிக்கறதுக்கு இது ஒண்ணுதான் இருக்குது."

நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். கால் தானாக நகர்ந்தது. நர்ஸம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"பத்தரே, நான் தெனமும் பொணம் கழுவறேன். அந்தக் கையாலதான் உங்ககிட்ட தாலி குடுத்தேன். அப்ப வாங்கிக்கினீங்களே?"

போய் அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நாகம்மா சாம்பலை ஈரமாக்கி, ஓட்டுக்குள் அமுக்கிச் சின்னக் கிண்ணமாகச் செய்தாள். சுற்றிலும் கரி அடுக்கி நெருப்பு மூட்டினாள். கிண்ணம் செக்கச்செவேலென்று காய்ந்ததும் பொன் துண்டுகளை அதில் போட்டாள். அப்புறம் மடியிலிருந்து நெல்லிக்காய் அளவு ஈயத்தை எடுத்து, அதையும் போடப் போனாள்.

"ஏய்!" என்று நான் கத்திவிட்டேன். நர்ஸம்மாவும் எழுந்துவிட்டார். "ஒண்ணும் சேரக் கூடாதுன்னு சொல்லிக்கீறேன், நீங்க மேல மேல ஈயம் போடறீங்களே நாகம்மா?" என்றார். நாகம்மாவை யாரும் நீங்க என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"சேராதும்மா. கொஞ்சூண்டு ஈயம்தான் பொன்ன கெடுக்கும். ஜாஸ்தியா போட்டா உள்ள இருக்கற கசடு எல்லாத்தையும் இழுத்துக்கினு அதுவும் பூடும். நீங்க பாருங்க."

துருத்தியை நான் பிடித்தேன். உள்ளே இருக்கிற பதற்றமெல்லாம் கைக்கு வந்துவிட்டது. வேகமாக அழுத்தினேன். கரி பறந்தது.

"சாமி, மெள்ள."

மெள்ள அழுத்தினேன். நெருப்பு படுத்துக்கொண்டது. மறுபடி வேகம். நாகம்மா என் கையைத் தொடாமல் துருத்தியை மட்டும் பிடித்து நிறுத்தினாள். "கை பதறுது சாமி. இது ஒரே மூச்சா வரணும். அம்மாகிட்ட குடுங்க."

நர்ஸம்மா உட்கார்ந்தார். ஒரு தரம், இன்னொரு தரம். தூங்குகிற குழந்தை மூச்சு விடுவது போல் அத்தனை சீராக வந்தது. நான் என்ன செய்வது? ஒன்றுமில்லை. செய்ய வேலையே இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் ஆயுசில் அவ்வளவு நீளமான ஒரு மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. போய்விட்டால்? கிண்ணம் விரிசல் விட்டால்? பொன் சாம்பலோடு கலந்துவிட்டால்? ரயிலுக்கு இன்னும் எத்தனை மணி? எழுந்திருக்கலாம் என்றால் நர்ஸம்மா என்னைப் பார்த்தார். உட்கார்ந்தேன்.

கிண்ணத்தில் ஈயம் உருகிப் புகைந்தது. பொன்னும் ஈயமும் ஒரே குழம்பாக அழுக்குப் பிடித்துச் சுழன்றது. நேரமாக ஆகக் குழம்பு சிறுத்தது. சாம்பல் குடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அதன் மேல் எண்ணெய்ப்படலம் போல நிறம் நிறமாக ஓடியது.

"இப்ப கண்ணு தொறக்கும் பாருங்க," என்றாள் நாகம்மா.

நிறமெல்லாம் ஒரு கணத்தில் விலகியது. சட்டென்று ஒரு மின்னல். அடுத்த கணம் கிண்ணத்தின் நடுவில் ஒரு பொன்மணி, சுத்தமாக, நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷம் பொன்னோடு இருந்தவன் அப்படி ஒரு பொன்னைப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

தராசில் போட்டதில் நாலரைக் குன்றிமணி குறைந்திருந்தது. நர்ஸம்மா கேட்டார்: "மிச்சம் எங்க?"

"அது செம்பும்மா. பழைய பொன்னுல கலந்திருந்த செம்பு. சாம்பல் குடிச்சிடுச்சி. உங்கம்மா பொன்னு அப்படியே இருக்குது," என்று கிண்ணத்தைக் காட்டினாள் நாகம்மா.

நர்ஸம்மா ஆறிப்போன கிண்ணத்தைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "இத ஆத்துல போட்டுடாதீங்க," என்று திருப்பிக் கொடுத்தார்.

"போடுவேனாம்மா? இத உருக்கினா ஈயம் திரும்பி வரும். இதுதான் எங்கூலி," என்றாள் நாகம்மா.

5. பொடி வைக்காத தாலி

பட்டறைக்குத் திரும்பியபோது பன்னிரண்டு மணி. பொன்மணியை அடைகல்லில் வைத்து, முதல் அடி அடிக்கும்முன் நான் கண்ணை மூடிக்கொண்டேன். மொத்தென்று சத்தம் வந்தது. விரிந்துகொடுத்தது.

இன்னொரு சிக்கல் இருந்தது. தாலிக்குக் காது ஒட்டவேண்டும். ஒட்டுவதற்குப் பொடி வைத்து ஊதவேண்டும். பொடி என்பது பொன்னோடு வெள்ளியும் செம்பும் கலந்தது. துளிதான். கண்ணுக்கே தெரியாது. ஆனால் துளி சேரக் கூடாது என்பதுதானே பேச்சு? அதனால் தகட்டின் உச்சியில் ஒரு நாக்கு விட்டு வெட்டி, அதையே பின்பக்கம் சுருட்டிக் காதாக வளைத்தேன். பொடி வேண்டாத வேலை. ஆனால் சுருட்டும்போது தாலி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. பொன் மிருதுவாக இருந்ததால் சிலுவையின் வலது கை ஒரு மயிரளவு நீண்டும்விட்டது.

நர்ஸம்மா எதிரே மணைபோட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை எடுக்கவே இல்லை. இந்த முறை எனக்கு முதுகு நமநமக்கவில்லை. பார்க்கட்டும் என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாயபு ஜட்காவில் வந்து இறங்கினார். "இன்னா பத்தரே பேஜாரு! நம்ம ஜிமிக்கி எங்கே? ஞாயித்துக்கெழம நிக்கா."

நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸம்மா சொன்னார்: "சாயபு, இன்னிக்கி இவரு கை எனக்கு. நாளைக்கி வாங்க."

சாயபு அவரையும் என்னையும் பார்த்தார். "ஆஸ்பத்திரியிலதான் அதட்டுவாங்கன்னு பாத்தா இங்கியுமா?" என்று சிரித்துக்கொண்டே ஜட்காவில் ஏறிவிட்டார். என் தாமதத்துக்கு ஒருவர் சிரித்தது அதுதான் முதலும் கடைசியும்.

நாலு மணிக்கு முடித்தேன். கையில் கொடுத்தேன். "கொஞ்சம் கோணிக்கிச்சு," என்றேன்.

"இருக்கட்டும்." கன்னத்தில் வைக்கவில்லை. கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கியவர், படியிறங்கும்போது திரும்பினார். "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது பத்தரே."

"ஆமாம்மா."

"ஏன் சொன்னீங்கன்னு கேக்க மாட்டேன். அதுக்கு முன்ன ஏன் செஞ்சீங்கன்னுதான் மனசு ஆறல." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

6. பிற்பாடு

தெருவில் இரண்டு வீட்டார் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார்கள். எலும்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் குந்தினவன் என்று. நிறுத்தட்டும். என் பட்டறை மண்ணை அதற்குப் பிறகு நானே கூடையில் அள்ளி நாகம்மா குடிசைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் தரம் அவள் நம்பவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு நான் தெருமுனை தாண்டும்வரை எடுக்கவே இல்லை.

ஆறேழு வருஷம் கழித்து இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். தாலிச்சரட்டைப் பொன் சங்கிலியாக மாற்றவேண்டுமாம். கோணலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"கிருபையாம்மா? அக்கா சௌக்கியமா?"

"சௌக்கியம். இப்ப வேற ஊரு ஆஸ்பத்திரில இருக்கறாங்க."

"தாலி கோணியிருக்குதே. இப்படிக் குடும்மா, ரெண்டு நிமிஷத்துல நிமித்தித் தர்றேன்."

அவள் தாலியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். "இல்ல பத்தரே. சங்கிலி மட்டும் செஞ்சு குடுங்க, நானே வூட்ல கோத்துக்கறேன். எது வேணா செஞ்சுக்கோ, தாலிய மட்டும் அவரு கைல குடுத்துடாதன்னு அக்கா சொல்லி அனுப்பிச்சாங்க."

கோபம் இல்லை அவள் பேச்சில். சொல்லச் சொன்னதைச் சொன்னாள், அவ்வளவுதான். நானும் சங்கிலிக்கு மட்டும் அளவு எடுத்துக்கொண்டேன்.

புதிதாகப் பட்டறையில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இரண்டுதான். ஈயக்கட்டையைப் பொன் தட்டின் பக்கம் கொண்டுவராதீர்கள். என் பட்டறையில் அது முற்றத்தில் கிடக்கிறது; ஜிமிக்கி குழிக்கவேண்டுமானால் எழுந்து வெயிலுக்குப் போகவேண்டும். இரண்டாவது, வாடிக்கைக்காரர் உங்களை நம்பி எழுந்து போகப் பார்த்தால் போகவிடாதீர்கள். கெஞ்சியாவது உட்காரவையுங்கள்.

சவரனில் செய்த அந்தத் தாலி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. நான் செய்ததிலேயே ஒரு குறையும் இல்லாத தாலி அதுதான். யார் கழுத்திலும் ஏறவில்லை. தனபாக்கியம் வருஷத்துக்கு ஒரு தரம் கேட்பாள்: "அத உருக்கி அந்தக் கம்மல செஞ்சு குடுங்களேன்." நானும் எடுப்பேன். அடுப்பு மூட்டுவேன். மூசையை வைப்பேன். இந்த வயதிலும் ஒரு நிமிஷம் சும்மா இராத கை இது. அதை வெட்டக் கத்தரி எடுக்கும்போது மட்டும் சும்மா இருந்துவிடுகிறது.